கூடாரம் கட்டுவதற்கு முன் கதவைத் திறவுங்கள்



சில வாரங்களாக ஓர் அழைப்பிதழ் உங்கள் கைப்பேசிகளில் சுற்றிவருகிறது. "கூடாரப் பண்டிகை ஆசீர்வாதக் கூடுகை" என்பது அதன் தலைப்பு. எட்டு நாட்கள், வாடகை மண்டபம், நடுவில் ஓலையால் வேய்ந்த கூடாரம், கொம்பு ஊதுதல், யூதர்களின் தொழுகைத் துண்டு விற்பனை, நாள்தோறும் "விதைக் காணிக்கை". இறுதியில் ஓர் எச்சரிக்கையும் உண்டு: இந்த விழாவைக் கைக்கொள்ளாத குடும்பத்தின் தொழில்மீது அடுத்த ஆண்டு "மழை" பெய்யாதாம்.

உங்களுள் பலர் இதை எனக்கு அனுப்பி, "பாதர், போகலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். தனித்தனியே மறுமொழி எழுதுவதைவிட எல்லாருக்கும் பொதுவாக இங்கே எழுதுகிறேன். போகவேண்டாம் என்பதே என் மறுமொழி. ஆயினும் அதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டால், அந்த அழைப்பிதழைவிட எனக்குக் கவலை தரும் ஒன்றைச் சொல்லாமல் விட்டவனாவேன். ஆகவே பொறுமையோடு இறுதிவரை வாசியுங்கள்.

முதலில் விழாவை அறிந்துகொள்வோம். லேவியர் நூலின் 23ஆம் அதிகாரம் ஏழாம் மாதத்தின் பதினைந்தாம் நாளில் இதைத் தொடங்கச் சொல்கிறது. ஏழு நாட்கள் கொண்டாட்டம், எட்டாம் நாள் நிறைவு. இணைச்சட்ட நூலின் 16ஆம் அதிகாரம் பருவத்தைக் குறிக்கிறது: களத்துத் தானியமும் ஆலையின் திராட்சை இரசமும் சேர்த்து முடிந்த காலம். ஆண்டிலேயே களஞ்சியம் மிக நிறைந்திருக்கும் வாரம் அது. அந்த வாரத்தில்தான் இஸ்ரயேலர் தம் வீட்டை விட்டு இறங்கிக் குடிசையில் தங்க வேண்டும். எகிப்திலிருந்து வெளியேறிய மூதாதையர் கூடாரங்களில் குடியிருந்ததை வருங்காலத் தலைமுறைகள் மறவாதிருக்க வேண்டும் என்பதே அதற்கு ஆண்டவர் தரும் காரணம்.

யூத மக்கள் இந்நாள்வரை இதை நுட்பமாகக் காத்துவருகின்றனர். கூரை வெட்டிய கிளைகளாலும் ஓலைகளாலும் ஆனதாக இருக்க வேண்டும். உள்ளே வெயிலைவிட நிழல் மிகுந்திருக்க வேண்டும். இரவில் விண்மீன்கள் தெரியுமளவுக்கு இடைவெளி இருப்பதும் நன்று. ரொறன்ரோவின் பத்தர்ஸ்ட் வீதி வழியாகச் செல்வோர், இலையுதிர்காலத்தில் மாடிமுகப்புகளிலும் முற்றங்களிலும் இத்தகைய குடில்களைக் கண்டிருப்பீர்கள். அந்த வாரத்து ஓய்வுநாளில் தொழுகைக்கூடங்களில் சபை உரையாளர் நூலை வாசிப்பது வழக்கம். செல்வத்தின் நிலையாமையை அந்நூலைப்போல் முகத்துக்கு நேரே சொல்லும் நூல் விவிலியத்தில் வேறில்லை. களஞ்சியம் நிறைந்த வாரத்தில் அதை வாசிப்பதற்குத் துணிவு வேண்டும்.

அன்பார்ந்தவர்களே, இவ்விழாவின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நிறைவை அடைந்தவன் தான் வெறுமையாய் இருந்த நாளை உடலால் நினைவுகூர்கிறான். செல்வத்தைப் பெருக்கும் உத்தியாக இதை விற்பவர், செல்வத்தைப் பற்றிய எச்சரிக்கையைச் செல்வத்துக்கான தூண்டிலாக மாற்றிவிடுகிறார்.

அந்த அச்சுறுத்தலுக்கு வருவோம். அது செக்கரியா நூலின் 14ஆம் அதிகாரத்திலிருந்து பிடுங்கப்பட்டது. இறைவாக்கினர் அங்கே காண்பது இறுதிநாளின் காட்சி. எருசலேமுக்கு எதிராகப் போருக்கு வந்த இனத்தாருள் எஞ்சியவர்கள், அதே நகருக்கு ஆண்டுதோறும் வழிபட வருகிறார்கள். கூடார விழாவைக் கொண்டாடுகிறார்கள். முன்னாள் அடிமைத்தன நாடாகிய எகிப்துகூடப் பெயர் சொல்லி அழைக்கப்படுகிறது. நேற்றைய பகைவரும் ஒரே விழாவில் பங்குகொள்ளும் நாள் அது. மழை பற்றிய எச்சரிக்கை அங்கே இருப்பது உண்மையே. அது நாடுகளை நோக்கிச் சொல்லப்பட்டது. ஸ்காபரோவில் கடை வைத்திருப்பவரின் கணக்குப் புத்தகத்தை நோக்கிச் சொல்லப்பட்டதன்று.

அதே அதிகாரத்தின் கடைசி வசனத்தையும் நீங்களே திறந்து பாருங்கள். அந்நாளில் ஆண்டவரின் இல்லத்தில் வணிகர் எவரும் இருக்கமாட்டார் என்பது அதன் கருத்து. அங்குள்ள எபிரேயச் சொல்லுக்குக் கானானியர் என்றும் வணிகர் என்றும் பொருள் உண்டு. வணிகர் என்றே பலரும் மொழிபெயர்க்கின்றனர். மண்டப வாசலில் மேசை போட்டுத் தொழுகைத் துண்டுக்கு விலை கூறுவோர் அந்த வசனம்வரை வாசிக்கவில்லை போலும்.

காணிக்கைக்கு அவர்கள் காட்டும் வசனமும் இப்படிப்பட்டதே. ஆண்டவர் திருமுன் வெறுங்கையராய் வரக்கூடாது என்று இணைச்சட்டம் 16ஆம் அதிகாரம் சொல்கிறது. அதற்கு இரண்டு வசனங்களுக்கு முன்னால் இவ்விழாவில் யார் யாரோடு சேர்ந்து மகிழ வேண்டும் என்ற பட்டியல் இருக்கிறது: மகன், மகள், பணியாளர், பணிப்பெண், லேவியர், அந்நியர், அநாதை, கைம்பெண். இந்த எண்மரும் இல்லாத இடத்தில் எட்டு நாள் ஓலைக்குக் கீழே உட்கார்ந்தாலும் கூடார விழா நடவாது. அதே நூலின் 31ஆம் அதிகாரம் இன்னும் ஒரு படி செல்கிறது. ஏழாண்டுக்கு ஒருமுறை, கடன்கள் தள்ளுபடி செய்யப்படும் ஆண்டில், கூடார விழாவின்போதே திருச்சட்டம் முழுமக்கள்முன் வாசிக்கப்பட வேண்டும். அந்நியரும் குழந்தைகளும்கூட அதைக் கேட்க வேண்டும். கடன் மன்னிப்போடு பிணைக்கப்பட்ட விழாவை முன்னிட்டுக் கடன் வாங்கியேனும் காணிக்கை போடு என்று சொல்லும் ஊழியரை நீங்கள் எதனால் நம்புகிறீர்கள்?

"இயேசுவே இவ்விழாவைக் கொண்டாடினாரே, பாதர்" என்று ஒருவர் எழுதியிருந்தார். நல்ல கேள்வி. யோவான் நற்செய்தியின் 7ஆம் அதிகாரம் அதைச் சொல்கிறது. அக்காலத்தில் விழா நாட்களில் குருக்கள் சீலோவாம் குளத்திலிருந்து பொற்குடத்தில் நீர் முகந்து வந்து பலிபீடத்தில் ஊற்றினர். கோவிலின் பெண்கள் முற்றத்தில் மாபெரும் விளக்குகள் ஏற்றப்பட்டன. அந்தச் சூழலில்தான் இயேசு எழுந்து நின்று, தாகமுற்றோர் தம்மிடம் வரலாம் என்று உரக்கக் கூவினார். அடுத்த அதிகாரத்தில் உலகின் ஒளி தாமே என்றார். அந்தத் தண்ணீரும் அந்த விளக்கும் சுட்டியது எதுவோ அது தம்மில் வந்துவிட்டது என்பதே அவருடைய உரிமைக்கூற்று. வாக்கு மனிதராகி நம்மிடையே குடிகொண்டார் என்று நாம் அறிக்கையிடும் இடத்தில், கிரேக்க மூலத்திலுள்ள சொல்லுக்குக் "கூடாரம் அடித்தார்" என்பதே நேர்ப்பொருள். ஒவ்வொரு திருப்பலியிலும் நாம் அணுகுவது அந்தக் கூடாரத்தையே.

ஆகவே உணவு, விழா, ஓய்வுநாள் ஆகியவற்றைக் காட்டி யாரும் உங்களைக் குற்றவாளிகளாக்க இடங்கொடாதீர்கள் என்று கொலோசையருக்குப் பவுல் எழுதினார். பிற இனத்தாரிலிருந்து வந்தோர்மீது திருச்சட்டத்தின் சுமையை ஏற்றுவதில்லை என்று எருசலேம் சங்கம் முடிவு செய்ததைத் திருத்தூதர் பணிகள் 15இல் காண்கிறீர்கள். "என்றென்றைக்கும் உள்ள கட்டளை அல்லவா?" என்பீர்களாயின், அடுத்த வசனத்தையும் வாசியுங்கள். குடிசையில் தங்க வேண்டியவர்கள் இஸ்ரயேலில் பிறந்தோர் என்று லேவியர் நூலே தெளிவாகச் சொல்கிறது.

இதனால் நான் யூதரின் விழாவை இகழ்கிறேன் என்று எவரும் எண்ணவேண்டாம். 386ஆம் ஆண்டில், அந்தியோக்கியாவில் குருவாக இருந்த புனித யோவான் கிறிசோஸ்தோம், யூத விழாக்களுக்குச் சென்ற கிறிஸ்தவர்களைக் கண்டித்து மறையுரைகள் ஆற்றத் தொடங்கினார். ஒரு மேய்ப்பரின் கவலை எனக்குப் புரிகிறது. ஆயினும் யூத மக்களைக் குறித்து அவர் பயன்படுத்திய சொற்கள் பின்வந்த நூற்றாண்டுகளில் அவர்களுக்கு எதிரான நஞ்சாயின. 1965 ஒக்டோபர் 28 அன்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட "நோஸ்ட்ரா ஏத்தாத்தே" ஏட்டின் வழியாகத் திருச்சபை அந்தப் பாதையிலிருந்து விலகியது. கூடார விழாவை ஈராயிரம் ஆண்டுகளாக நாடுகடத்தலிலும் துன்பத்திலும் உயிரோடு காத்தவர்கள் யூதர்கள். உங்கள் யூத அயலவர் தம் குடிலுக்கு அழைத்தால் மகிழ்ச்சியோடு செல்லுங்கள். விருந்தினராக அமர்ந்து கற்றுக்கொள்ளுங்கள். அவர்களின் நினைவைக் கழற்றி நம் மண்டபத்துக்கு அலங்காரமாக மாட்டிக்கொள்ளாதீர்கள்.

அதைவிடவும் ஒன்று. நமக்கு இரவல் கூடாரம் எதற்கு? நம்முடையதே இருக்கிறதே.

மடு அன்னையின் திருவிழாவுக்கு வண்டி கட்டிச் சென்ற குடும்பங்களின் பிள்ளைகள் நீங்கள். மருதமடுக் காட்டில் கொட்டில் போட்டு, கல் அடுப்பு மூட்டி, மாடி வீட்டுக்காரரும் கூலிக்காரரும் ஒரே மண்ணில் பாய் விரித்துப் படுத்த நாட்களை உங்கள் பெற்றோர் சொல்லியிருப்பர். 1990க்குப் பின் அந்த வளாகமே அகதிகளின் இருப்பிடமாயிற்று. திருவிழாக் கொட்டில் போட்ட நிலத்தில் தஞ்சக் கொட்டில்கள் எழுந்தன. 1999 நவம்பர் 20 அன்று அங்கே தஞ்சமடைந்திருந்தோரில் நாற்பது பேரளவில் எறிகணைக்குப் பலியாயினர். 1995 ஒக்டோபர் 30 அன்று, மழையிலும் இருளிலும், வலிகாமத்து மக்கள் நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்தார்கள். நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அந்நாட்களில் வீடிழந்து, பள்ளிக்கூடங்களிலும் கோவில்களிலும் மரத்தடிகளிலும் தங்கினார்கள். 2009இல் வவுனியாவின் மெனிக் பாம் முதலிய முகாம்களில் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் முட்கம்பிக்குப் பின்னால் தறப்பாளின் கீழ் அடைக்கப்பட்டார்கள்.

இந்த நாட்டின் வாசலுக்கு நாம் வந்த விதத்தையும் நினையுங்கள். 1986 ஓகஸ்ட் 11 அன்று நியூபவுண்லாந்துக் கரைக்கு அப்பால், இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நெருங்கிக் கிடந்த 155 தமிழரை மீனவர்கள் மீட்டனர். 2010இல் "சன் சீ" கப்பலில் 492 பேர் வந்தபோது, அவர்கள் கரையேறிய உடனே தடுப்புக்காவலில் வைக்கப்பட்டனர். வரிசையைக் குறுக்கே தாண்டி வந்தவர்கள் என்று அன்று நம்மைத்தான் ஏசினார்கள்.

மக்கபேயர் இரண்டாம் நூலின் 10ஆம் அதிகாரத்தை வாசியுங்கள். நம் விவிலியத்தில் அந்நூல் உண்டு. கோவிலைத் தூய்மைப்படுத்திய யூதா மக்கபேயும் அவருடைய ஆள்களும் கூடார விழாவைப்போல் எட்டு நாட்கள் மகிழ்ந்து கொண்டாடினர். அப்போது அவர்கள் எதை நினைத்தார்கள் தெரியுமா? சிறிது காலத்துக்கு முன் அதே விழாக் காலத்தைத் தாங்கள் மலைகளிலும் குகைகளிலும் காட்டு விலங்குகளைப்போலக் கழித்ததை நினைத்தார்கள். வெற்றி நாளில் குகையை நினைத்தவர்கள் அவர்கள். நாமோ குகையை மறப்பதற்காகவே வெற்றியைக் கொண்டாடுகிறோம்.

இது கடுஞ்சொல் என்று தோன்றினால் விளக்குகிறேன். 2023 கோடையில், ரொறன்ரோ நகர நடுவில் பீட்டர் வீதியிலுள்ள புகலிட உள்வாங்கல் நிலையத்தின் வெளியே, அடைக்கலம் கோரி வந்தவர்கள் நடைபாதையில் படுத்துக் கிடந்தார்கள். பெரும்பாலோர் ஆபிரிக்க நாடுகளிலிருந்து வந்தவர்கள். மழையிலும் அங்கேயே கிடந்தார்கள். அவர்களுக்குக் கதவைத் திறந்த திருக்கூட்டங்களுள் முன்னின்றவை கறுப்பினக் கிறிஸ்தவர்களுடையவை. அவற்றுள் எற்றோபிக்கோவிலுள்ள ஒன்றின் பெயர் "பில்கிரிம் ஃபீஸ்ற் ராபர்னக்கிள்ஸ்". வழிப்போக்கர் விழாவின் கூடாரங்கள் என்று அதற்குப் பொருள். தம் பெயரைக் கூடாரமென்று வைத்துக்கொண்டவர்கள், வழிப்போக்கர் வந்தபோது அந்தப் பெயருக்குப் பொய் சொல்லவில்லை. அவர்களின் மறைக்கல்வியோடு நான் பல இடங்களில் உடன்படாதிருக்கலாம். அந்தக் கோடையில் இணைச்சட்டம் 16ஐக் கடைப்பிடித்தவர்கள் அவர்களே.

அதே கோடையில் நம் வீட்டு மேசைகளில் என்ன பேசப்பட்டது? "இவர்கள் எல்லாம் எங்கிருந்து வருகிறார்கள்?" "நாங்கள் உழைத்து முன்னேறினோம், இவர்களுக்கு எல்லாம் இலவசம்." அகதி என்ற சொல்லால் இந்த நாட்டில் காலூன்றியவர்களின் வாயிலிருந்தே இச்சொற்களைக் கேட்டேன்.

இனி பேஸ்மன்ற்றுக்கு இறங்குவோம். பங்குப் பணிமனைக்கு வரும் புதியவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதுகிறேன். ஓர் அறையில் நான்கு மாணவர்கள், தலைக்குத் தலை வாடகை. குளிர்காலத்தில் வெப்பமூட்டியின் கட்டுப்பாடு மேல்வீட்டில். ஆறு மாத வாடகை முன்கூட்டியே, ரொக்கமாக, பற்றுச்சீட்டு இன்றி. ஒன்ராறியோச் சட்டப்படி ஒரு மாத வாடகைக்கு மேல் வைப்புப்பணம் கேட்க வீட்டுக்காரருக்கு உரிமையில்லை; பெற்ற வைப்புப்பணத்துக்கும் ஆண்டுதோறும் வட்டி கொடுக்க வேண்டும். இதை அறியாதவர்களாய் அவர்கள் வருகிறார்கள். அறியாமையை விலையாக்குகிறவர்கள் நம்மவர்கள். இந்த வீட்டின் மேல்தளத்தில் திருவிருந்து படம் மாட்டியிருக்கும். அடுத்த வாரம் பின்முற்றத்தில் ஓலைக் கூடாரமும் எழுமோ?

"வீட்டுக்கடன் வட்டி ஏறிவிட்டது, பாதர், சந்தை விலைக்குத்தானே கொடுக்கிறோம்" என்பீர்கள். கடனின் சுமை எனக்குத் தெரியாததன்று. இரண்டு வேலை பார்க்கும் உங்கள் முகங்களை ஞாயிறுதோறும் பார்க்கிறேன். நியாயமான வாடகையை நான் குறை கூறவில்லை. நியாயமான வாடகைக்கும் ஒருவருடைய கையறுநிலைக்கு விதிக்கும் விலைக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை உங்கள் மனச்சான்று அறியும். எகிப்தில் அந்நியராயிருந்ததால் அந்நியரின் உள்ளம் உங்களுக்குத் தெரியும் என்று விடுதலைப் பயண நூலின் 23ஆம் அதிகாரம் இஸ்ரயேலுக்கு நினைவூட்டுகிறது. தெரிந்தும் ஒடுக்குவதே அங்கே கண்டிக்கப்படும் பாவம்.

நினைவைப் பற்றி இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சிலருக்கு இது பிடிக்காது. 1995 ஒக்டோபர் 30ஐ நாம் மறப்பதில்லை. அதற்குச் சரியாக ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1990 ஒக்டோபர் 30 அன்று, யாழ்ப்பாணத்து முஸ்லிம் மக்கள் விடுதலைப் புலிகளின் கட்டளைப்படி சில மணி நேரத்துக்குள் வெளியேற்றப்பட்டனர். வடக்கின் முஸ்லிம்கள் எழுபதாயிரத்துக்கும் அதிகமானோர் அந்த மாதத்தில் வீடிழந்தனர். அவர்களுள் பலர் புத்தளத்தில் கிடுகுக் கொட்டில்களில் ஆண்டாண்டாய் வாழ்ந்தார்கள். நம் கூடாரத்தை மட்டும் நினைத்து, நம் அயலாரின் கூடாரத்தை மறைத்துவிட்டால், நம் நினைவு ஒரு வழக்கறிக்கையாகிவிடும், வழிபாடாகாது.

ஆகவே இந்த ஆண்டு நம் பங்கில் ஓலைக் கூடாரம் அமைக்கமாட்டோம். ஒக்டோபர் 30 மாலை திருப்பலிக்கு வாருங்கள். ஒவ்வொரு குடும்பமும் அண்மையில் இந்நாட்டுக்கு வந்த ஒருவரை உடன் அழைத்து வரட்டும். அவர் எந்த மொழியினராயினும் எந்தச் சமயத்தவராயினும் ஆகட்டும். திருப்பலிக்குப் பின் மண்டபத்தில் கஞ்சியும் சம்பலும் பரிமாறுவோம். முகாமில் வாழ்ந்த பெரியவர்கள் தங்கள் தறப்பாளைப் பற்றி நம் பிள்ளைகளுக்குச் சொல்லட்டும். பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருந்தால் ஆங்கிலத்திலேயே சொல்லுங்கள்; சொல்லாமல் மட்டும் விடாதீர்கள்.

வீட்டை வாடகைக்கு விட்டிருப்போர், சட்டத்துக்கு மேலாகப் பெற்ற வைப்புப்பணத்தை அந்த நாளுக்கு முன் திருப்பிக் கொடுங்கள். விதைக் காணிக்கைக்கென ஒதுக்கிய பணம் உங்களிடம் இருந்தால், ஒரு புதியவரின் முதல் மாத வாடகையாக அதைக் கொடுங்கள். எனக்கு அதைத் தரவேண்டாம்; நேரே அவர் கையில் கொடுங்கள். அகதி விசாரணைக்குச் செல்வோருக்கு மொழிபெயர்க்கவும், சட்டத்தரணியிடம் கூட்டிச் செல்லவும் முடிந்தவர்கள் பெயரைப் பணிமனையில் தாருங்கள்.

நம் பங்கே ஒரு கூடாரந்தான். புலம்பெயர்ந்தோர் தம் மொழியில் மேய்ப்புப்பணி பெற வேண்டுமென்று 1952இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் "எக்சுல் ஃபமிலியா" என்னும் ஆவணத்தை வெளியிட்டார். எகிப்துக்கு ஓடிய நாசரேத்துக் குடும்பத்தையே அகதிக் குடும்பங்களுக்கு முன்மாதிரியாக அவர் அதில் காட்டினார். அத்தகைய அக்கறை திருச்சபையில் இருந்ததால்தான் இன்று நீங்கள் அந்நிய மண்ணில் தமிழில் திருப்பலி காண்கிறீர்கள். யாரோ நமக்கு இடம் விட்டார்கள். அடுத்து வருபவருக்கு இடம் விடுவது நம் கடமை.

நிலையான நகர் நமக்கு இங்கே இல்லை என்று எபிரேயர் திருமுகம் நமக்குக் கற்பிக்கிறது. நீங்கள் கட்டிய வீடுகளைக் கண்டு நான் மகிழ்கிறேன்; ஆண்டவர் அவற்றை ஆசீர்வதிப்பாராக. அந்த வீட்டின் கதவை இந்த ஒக்டோபரில் ஒருமுறையாவது ஒரு வழிப்போக்கருக்குத் திறந்து வையுங்கள். ஒக்டோபர் 30 மாலை ஏழு மணிக்குக் கோவிலில் சந்திப்போம்.

இறையாசீருடன்,
உங்கள் பங்குத்தந்தை